ஐடிலில் நிற்காத வண்டி

வண்டி மறுபடியும் அணைந்தது.

"இது வண்டி இல்ல அண்ணி, என் பழைய முதலாளியோட மகன்," என்றான் கொழுந்தன், கிக்கரிலிருந்து காலை எடுத்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "பக்கத்துல நின்னு முறுக்கிட்டே இருந்தா வேலை நடக்கும். கைய எடுத்தா படுத்துடும்."

அண்ணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை என்றால் ஒன்று ஜோக் மோசம், இல்லை வழக்கு மோசம். தன் ஜோக்குகள் மீது கொழுந்தனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்ததால், வழக்குதான் மோசம் என்று முடிவு செய்துகொண்டான்.

அண்ணிக்குத் தொழில் துப்பறிவது. அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, நடந்தது விபத்தா நாடகமா என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கொழுந்தனுக்குத் தொழில் அண்ணிக்கு உதவுவது. அதற்கு முன்னால் அவன் பார்த்த வேலைகளைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை.

"பாத்தீங்கல்ல? கைய எடுத்தா ஓடிட்டு நிக்கவே மாட்டேங்குது. அப்ப என் தம்பி இல்லன்னு ஆச்சுல்ல?"

கேட்டது அக்காக்காரி. இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி, இந்த வழக்கைக் கொண்டுவந்தவள். வாசற்கதவில் நின்று தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு இடத்தில் உட்காரவே இல்லை என்று அவள் முகமே சொன்னது. இன்று சாயங்காலம் கோர்ட்டு கலைவதற்குள் அவள் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் சிறை.

விஷயம் இதுதான். தம்பிக்காரன் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவன். அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருப்பு. முந்தாநாள் சாயங்காலம், வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, யாரோ அச்சகத்தைச் சாவி போட்டுத் திறந்து சீல் வைத்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்திருக்கிறார்கள். ஏதோ மறந்து திரும்பி வந்த அச்சக முதலாளி அதைப் பார்த்துவிட்டார். தள்ளுமுள்ளு. காகிதம் வெட்டும் மெஷினில் தலை மோதி, மனிதர் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. சாவி இருந்தது இரண்டு பேரிடம்தான்: முதலாளி, தம்பிக்காரன். அதனால் நேற்றுக் காலையே அவனை விசாரணைக்கென்று ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

போதாக்குறைக்கு அச்சகத்தின் பின்பக்கம் குடியிருக்கும் தையல்காரம்மா ஒரு வாக்குமூலம் கொடுத்திருந்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் ஆளில்லாமல் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே நின்றதாம். தம்பிக்காரனின் வண்டியும் பழசு. அந்த மாடல் இந்தப் பக்கத்தில் அவனிடம் மட்டும்தான் இருக்கிறது.

"ஆளில்லாம ஓடிட்டு நின்னுச்சாம்," என்றாள் அக்காக்காரி. "இவன் வண்டி ஆள் இருந்தாலே நிக்காது. இவர்தான் ஞாபகமா சொன்னார்."

இவர் என்பது அவள் கணவர், வீட்டுக்காரர். தடித்த புத்தகம் ஒன்றின் நடுவே விரலை விட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி உள்ளேயிருந்து வந்தார். அமைதியான மனிதர். ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா.

"மாசக்கணக்கா புலம்பிட்டிருந்தான் மேடம். சிக்னல்ல நின்னா அணைஞ்சிடுதுன்னு. எனக்கு இதெல்லாம் ஒன்னும் புரியாது. கியர் வண்டியத் தொட்டதே இல்ல. பஸ்ஸு, இல்லன்னா நடை."

"அப்ப வாங்க அண்ணி, போலீஸ்ல சொல்லி ஆளைக் கூட்டிட்டு வந்துடலாம்," என்று கொழுந்தன் கையைத் தட்டித் தூசியை உதறினான்.

"ஏன் நிக்கலன்னு சொல்லணுமே," என்றாள் அண்ணி. "அணையற வண்டியக் காட்டினா, நீங்களே ஸ்க்ரூவத் திருகி வெச்சிருக்கீங்கன்னு இன்ஸ்பெக்டர் சொல்லுவார். அந்த பிளக்கக் கழட்டு."

கொழுந்தன் கழற்றினான். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் அந்தச் சின்ன சாமானை அண்ணி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முனை நல்ல காபித்தூள் நிறத்தில் இருந்தது. "மாட்டிடு" என்றாள். பிறகு, கையால் முறுக்காதபோதும் எஞ்சினை ஓட வைக்கிற ஐடில் ஸ்க்ரூவைக் குனிந்து பார்த்தாள். ஸ்க்ரூடிரைவர் நுழையும் பள்ளத்தில் பழைய மண் அப்படியே அடைந்து கிடந்தது. கடைசியாகக் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, அதன் மூடியிலிருந்த கண்ணாடியை, பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் கார்புரேட்டருக்கு அடியில் நீட்டினாள்.

நீட்டியவள் நெடுநேரம் எடுக்கவில்லை.

"என்ன அண்ணி, வண்டிக்குப் பொட்டு கலைஞ்சிருக்கா?"

அவள் டப்பாவை மூடினாள். "கிளம்பு. முதல்ல அந்தப் பையனைப் பாத்துட்டு வந்துடலாம்."

"எங்கேயோ காத்து கசியுது, தண்ணி அடிச்சுக் கண்டுபிடிக்கலாம்னு வழியெல்லாம் பாடம் நடத்தினீங்களே?"

"வந்து அடிக்கலாம்."

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. கோர்ட்டு இவர்களுக்காகக் காத்திருக்காது. பின்னால் தாழ்ப்பாள் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் தம்பிக்காரன் ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். அடித்துவிட்டார்களோ என்று கொழுந்தன் பதற, "பல்லு," என்றான் அவன். முந்தாநாள் சாயங்காலமும் அதே பல்தானாம். மாத்திரை போட்டுவிட்டு அறையில் சுருண்டு படுத்தவனுக்கு விடிந்தது கூடத் தெரியாதாம். சாவி சட்டைப் பையில். சட்டை கீழே கூடத்து ஆணியில். வண்டிச் சாவியும் அதே ஆணியில்.

இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"உன் வண்டி ஐடில்ல நிக்காதாமே," என்றாள் அண்ணி. "மாசக்கணக்கா அப்படித்தானாமே."

தம்பிக்காரன் நிமிர்ந்தான். வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

"யாரு சொன்னது?"

"அப்படித்தான் கேள்விப்பட்டோம்," என்றான் கொழுந்தன், அவசரமாக. கண்ணடித்தான். இருமினான். மேஜைக்குக் கீழே தம்பிக்காரன் காலையும் மிதித்தான். எதுவும் எடுபடவில்லை.

"என் வண்டியா நிக்காது? ஸ்டாண்டு போட்டு ஓட விட்டுட்டு, போய் டீ வாங்கி, ஆற வெச்சுக் குடிச்சிட்டு வாங்க. அப்படியே இருக்கும். அந்தக் கார்புரேட்டரை நான் பல்லு வெளக்கற பிரஷ்ஷ வெச்சுக் கழுவறேன் சார். புது வண்டி வெச்சிருக்கவன்கூட என் வண்டிச் சத்தத்தக் கேட்டு நின்னு பாத்துட்டுப் போவான்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "இதை எழுதிக்கட்டுமா மேடம்?"

கொழுந்தன் தலையில் கைவைத்துக்கொண்டான். மூழ்குகிறவனுக்குக் கயிறு போட்டால், கயிறு என்ன இவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று கேட்கிற ஆளை அவன் இப்போதுதான் பார்க்கிறான். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே பேச்சை அந்தப் பையன் ரோஷத்தில் கிழித்துப் போட்டுவிட்டான்.

அண்ணி மட்டும் அசரவில்லை. "அப்ப ஒரு நாள்கூட அணைஞ்சதே இல்ல?"

தம்பிக்காரன் தயங்கினான். சொந்த வீட்டுச் சண்டையை அடுத்தவரிடம் சொல்கிறவன் போலக் குரல் இறங்கியது.

"நேத்து காலைல மட்டும். பல் டாக்டர்கிட்டப் போகலாம்னு எடுத்தேன். தெரு முனை தாண்டல, ரெண்டு மூணு தடவ அணைஞ்சிடுச்சு. தள்ளிட்டு வந்து வாசல்ல நிறுத்தறேன், இவங்க ஜீப் வந்துடுச்சு. அதுக்காக வண்டியக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடாதீங்க."

"சொல்லல," என்றாள் அண்ணி. பிறகு இன்ஸ்பெக்டரிடம், "அந்தத் தையல்காரம்மா எப்ப சார் வாயத் தொறந்தாங்க?"

"நேத்து மத்தியானத்துக்கு மேல. போலீஸ்னா பயமாம், அதுவரைக்கும் வீட்டப் பூட்டிட்டு உள்ளேயே இருந்திருக்கு. வண்டி கிளம்பறப்ப ஜன்னலத் தொறந்து நல்லா எட்டிப் பாத்திருக்கு. ஹெல்மெட்டு. மூஞ்சி தெரியல."

"அந்தக் கட்டுல என்ன இருந்துச்சு?"

"கேள்வித்தாள். ஆபீஸ்ல பதவி உயர்வுக்கு எழுதுவாங்களே, அந்தப் பரீட்சை. உங்க பையன் விக்கறதுக்கு எடுத்திருப்பான். நாலு மணிக்கு அவனைக் கிளப்பறோம் மேடம். அதுக்குள்ள வேற ஏதாவது கதை இருந்தா கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் கொழுந்தன் பொரிந்து தள்ளினான். வண்டிக்குப் பரிந்து பேசிவிட்டுச் சிறைக்குப் போகிற ஜென்மத்தை எங்கேயாவது கண்டதுண்டா என்றான். அண்ணி வேகமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"அவன் சொன்னது நிஜம்," என்றாள். "கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் இருக்குல்ல? அதுல அடிப்பக்கம் ஒரு கீறல். வயசாகி வெடிச்ச ரப்பர்னா கோணல்மாணலா இருக்கும். இது பிளேடு வெச்சு இழுத்த கோடு."

"கீறல் இருந்தா அணையுமா?"

"ஓட்டை விழுந்த ஸ்ட்ராவுல ஜூஸ் உறிஞ்சிப் பாரு. காத்துதான் வரும். எஞ்சினுக்கும் அதே கதிதான், பெட்ரோல் பத்தாது. முறுக்கினா சமாளிச்சுக்கும், விட்டா அணைஞ்சிடும். மாசக்கணக்கா அப்படி இருந்திருந்தா பிளக்கு வெளுத்துப் போயிருக்கும். அவனும் ஐடில் ஸ்க்ரூவ ஏத்தி வெச்சு ஒப்பேத்தியிருப்பான். பிளக்கு பழுப்பா இருக்கு. ஸ்க்ரூவ யாரும் தொடல. அதனால கீறல் புதுசு."

கொழுந்தன் நின்றுவிட்டான். வெட்டியவர் யார் என்று யோசிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வாசலில் நிறுத்தின வண்டி, உள்பக்கம் பூட்டுகிற கேட்டு, தம்பியே உயிர் என்று தாழ்ப்பாளைத் தேய்க்கிற அக்கா. அவனுக்கு மனசு கனத்தது.

"பாவம் அண்ணி அது. தம்பிய வெளிய எடுக்கணும்னு செஞ்சிருக்கு. நாம பாக்காத மாதிரி விட்டுடலாமே."

"நானும் அப்படித்தான் நெனச்சு வந்தேன். அவன் பல்வலியப் பத்திப் பேசற வரைக்கும்."

"பல்லுக்கும் ரப்பருக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?"

"நட. போனதும் நான் எங்க அடிக்கச் சொல்றேனோ அங்க மட்டும் அடி. வேற எங்கேயும் ஒரு சொட்டு படக்கூடாது."

இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை அக்காக்காரியிடம் வாங்கிக்கொண்டார்கள். அண்ணி ஆக்ஸிலரேட்டரை லேசாகப் பிடித்துக்கொள்ள, வண்டி ஏறுவதும் இறங்குவதுமாக மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. அக்காக்காரியும் வீட்டுக்காரரும் வாசற்படியில் நின்று பார்த்தார்கள்.

"காத்து கசியற இடத்துல தண்ணி பட்டா, அந்தத் தண்ணி ஓட்டைய ஒரு நொடி அடைக்கும்," என்றாள் அண்ணி, பாடம் சொல்லும் குரலில். "எஞ்சின் சத்தம் மாறும். மாறினா அந்த இடம்தான். கொழுந்தனாரே, மேல அடிங்க."

அடித்தான். சத்தம் மாறவில்லை. கார்புரேட்டர் மூடியில் அடிக்கச் சொன்னாள். ஏர் ஃபில்டர் பக்கம் அடிக்கச் சொன்னாள். வலது பக்கம், மறுபடி மேலே, பெட்ரோல் குழாய் மீது, எதற்கென்றே புரியாமல் ஹாரனுக்குப் பக்கத்தில். கொழுந்தனுக்குக் கை வலித்தது. கீறல் எங்கே என்று தெரிந்துகொண்டே அதைச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடிப்பது, அரிக்கிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சொறிவது போல இருந்தது.

அக்காக்காரி தவித்துப் போனாள். "அந்தச் சக்கரத்துகிட்ட அடிச்சுப் பாருங்களேன். காத்து அங்கதான இருக்கும்?"

கொழுந்தன் சிரிக்கப் போனவன், சட்டென்று நிறுத்திக்கொண்டான். சைக்கிள் பஞ்சரைத் தாண்டி எதுவும் தெரியாத இவளா பிளேடைக் கொண்டுபோய் அந்த ரப்பரைத் தேடிப் பிடித்துக் கீறினாள்?

வீட்டுக்காரர் புத்தகத்தை மூடியிருந்தார். விரல் இப்போது உள்ளே இல்லை. படியிலிருந்து ஒரு படி இறங்கினார். இறங்கி நின்றவர் மறுபடி ஏறினார்.

"ஒன்னும் இல்லப்பா," என்று அண்ணி அலுத்துக்கொண்டாள். "கசிவே இல்ல. வண்டி நல்ல வண்டிதான், ஸ்க்ரூ கொஞ்சம் இறங்கியிருக்கு. ஏத்திவிட்டா நின்னுடும். இதப் போய் போலீஸ்ல சொல்ல முடியாது." ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குனிந்தாள்.

"இருங்க," என்றார் வீட்டுக்காரர். "அந்த ரப்பருக்கு அடியில பாக்கவே இல்லையே. எஞ்சின் பக்கமா, உள்பக்கம்."

 வண்டி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி தலையசைக்க, கொழுந்தன் கையை உள்ளே விட்டு அவர் சொன்ன இடத்தில் ஒருமுறை அழுத்தினான்.

மூச்சு வாங்கல் நின்றது. அண்ணி கையை எடுத்துவிட்டாள். யாரும் முறுக்காமலே வண்டி சில நொடிகள் சீராக, அழகாக ஓடியது. தம்பிக்காரன் பீற்றிக்கொண்டதில் தப்பே இல்லை என்று கொழுந்தனுக்குத் தோன்றியது. தண்ணீர் உலர்ந்ததும் திணறி, இருமி, அணைந்தது.

"கியர் வண்டியத் தொட்டதே இல்லன்னு சொன்னீங்க," என்றாள் அண்ணி.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சரி. நான்தான் கீறினேன். அவனை வெளிய கொண்டு வரத்தான். தப்புதான்."

அக்காக்காரியின் கை தாழ்ப்பாளை விட்டது. காலையிலிருந்து முதல்முறையாக அவள் முகம் இளகியது. "என் தம்பிக்காகவா? எங்கிட்டகூடச் சொல்லாம?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்க்கக் கொழுந்தனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏன் என்று அவனுக்கே இன்னும் பிடிபடவில்லை.

"எப்பக் கீறினீங்க?"

"நேத்து சாயங்காலம். தையல்காரம்மா வண்டிச் சத்தத்தப் பத்திச் சொன்னது தெரிஞ்சதும்."

"உங்க மச்சான் நேத்து காலைல பல் டாக்டர்கிட்டப் போக வண்டிய எடுத்திருக்கான்," என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. "அப்பவே அணைஞ்சு அணைஞ்சு போயிருக்கு. ஜீப் வர்றதுக்கு முன்னாடி. தையல்காரம்மா வாயத் தொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. வண்டி ஓடிட்டு நின்ன சத்தத்த ஒருத்தி கேட்டான்னு முந்தாநாள் ராத்திரியே தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான் இருக்க முடியும். அவ ஜன்னலத் தொறந்து எட்டிப் பாத்தப்ப, கீழ வண்டிமேல ஹெல்மெட்டோட இருந்தவர். அது இந்த வண்டி இல்லன்னு காட்டத்தான் அன்னிக்கு ராத்திரியே கீறியிருக்கார்."

அப்போதுதான் கொழுந்தனுக்குப் பல்லும் ரப்பரும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆணியில் தொங்கிய சட்டையும், நடுவில் விரல் வைத்த பரீட்சைப் புத்தகமும் கூடவே வந்து சேர்ந்தன. சொல்வதற்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

அக்காக்காரி கையை இன்னும் விடவில்லை. "இல்லன்னு சொல்லுங்க," என்றாள்.

வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். "சும்மா தள்ளினேன். அவர் கையப் பிடிச்சு இழுத்தார், நான் தள்ளினேன். அவ்வளவுதான். மெஷின் பின்னாடி இருந்தது தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி இதே மாதிரி வண்டி வெச்சிருந்தேன், அதான் கை தானா எடுத்துட்டுப் போச்சு. உடனே கிளம்பிடலாம்னு அணைக்காம விட்டேன். கட்டு பரண்மேல இருக்கு. பிரிக்கக்கூட இல்ல. பிரிக்கத் தைரியம் வரல. இவனைப் பிடிப்பாங்கன்னு சத்தியமா நெனக்கல. பிடிச்சதும், எப்படியும் இந்த வண்டிய வெச்சே வெளிய வந்துடுவான்னு..."

"நீங்க வாயத் தொறந்திருந்தா வெளிய வந்திருப்பான்."

 வீட்டுக்காரர் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கேட்கிற பணிவோடு கேட்டார்: "அடுத்த வாரம்தான் பரீட்சை. அத எழுதற வயசு எனக்கு இதோட முடியுது. எழுதிட்டு வந்து நானே எல்லாத்தையும் ஒத்துக்கறேன். அதுவரைக்கும் அவன் ஒரு வாரம் பொறுத்துக்க மாட்டானா?"

அக்காக்காரி அவர் கையை விட்டாள். உள்ளே போனாள். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் தூசி படிந்த கட்டு இருந்தது, சீல் உடையாமல். அதை அண்ணியிடம் கொடுத்தாள்.

"தம்பிய மீட்டுக் குடுங்கன்னு உங்ககிட்டக் கேட்டேன் மேடம்," என்றாள். "பதிலுக்கு என்ன குடுக்கணும்னு கேக்காம விட்டுட்டேன்."

 கொழுந்தன் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினான். நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தது. அவன் ஆட்டோவோடு திரும்பியபோது வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அக்காக்காரி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. அவள் பூட்டுவதைப் பார்த்து, "நீயும் கூட வர்றியா?" என்றார்.

"வராம?" என்றாள் அவள், பூட்டை இழுத்துப் பார்த்தபடி. "என் தம்பிய யார் கூட்டிட்டு வர்றது?"